வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம்: காலக்கெடு தவறாமல் வழக்கைப் பதிவுசெய்ய முழுமையான வழிகாட்டி

ஒரு சனிக்கிழமை காலை, முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருந்த ஓர் அக்கா தடித்த கோப்பு ஒன்றுடன் எதிரே வந்து உட்கார்ந்தார். கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். மேலே இருந்தது அவருடைய மேல்முறையீட்டை நிறுவனம் நிராகரித்து அனுப்பிய கடிதம். வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அடியில் கிடந்தது பணிநீக்கக் கடிதம். அதற்கு நான்கரை மாதம் ஆகிவிட்டது.

"ஏகாஸுக்கு எப்போது தெரிவித்தீர்கள்?" என்று கேட்டேன்.

"மேல்முறையீட்டு முடிவு வரட்டும் என்று இருந்தேன், தம்பி. ஏகாஸ் என்றால் என்ன?"

ஏகாஸ் என்பது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே சமரசம் பேசும் அமைப்பு. வேலை தொடர்பான வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போகுமுன், பெரும்பாலும் கெடுவுக்குள் அதற்குத் தெரிவித்தாக வேண்டும். அக்கா பக்கம் நியாயம் இருந்தது, கையில் சான்றும் இருந்தது. யாரும் அதைப் படித்துப் பார்க்கும் முன்பே நாள் கடந்துவிட்டது. லண்டனில் வேலை இழந்த நம்மவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் நான், இதே பிழையைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தெரிந்திருந்தால் இவர்களில் பலர் தப்பியிருப்பார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் இது பொருந்தும். வட அயர்லாந்தில் தீர்ப்பாயமும் சமரச அமைப்பும் வேறு. அங்கே இருப்பவர்கள் தொழிலுறவு முகமையை அணுக வேண்டும்.

1. முதலில் தேதிகள், பிறகுதான் கதை

உதவி கேட்டு வருபவர்கள் நடந்த அநியாயத்தைச் சொல்லத் தொடங்குவார்கள். அது இயல்பு. ஆனால் முதல் அரைமணி நேரம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் நடந்தது என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். மேலாளரின் குணத்தை எழுத வேண்டாம். "மார்ச் 14: நீக்கக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது, மாலை படித்தேன்" என்ற அளவு போதும்.

இதற்குக் கையில் இருக்க வேண்டியவை: நீக்கக் கடிதமும் அது வந்த உறையும், மின்னஞ்சலில் வந்திருந்தால் அதன் நேரம் தெரியும் பிரதி, பணி ஒப்பந்தம், கடைசி மூன்று நான்கு மாதச் சம்பளச் சீட்டுகள், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் பட்டியல், பி45 (வேலை முடியும்போது முதலாளி தரும் வரிச் சீட்டு). வேலையின் மின்னஞ்சல் கணக்கை நிறுவனம் முடக்கிவிட்டால் உங்களிடம் எதுவும் மிஞ்சாது. உங்கள் பணி, சம்பளம் பற்றி உங்களுக்கு வந்த கடிதங்களை அதற்கு முன்பே எடுத்து வையுங்கள். முதியோர் இல்லவாசிகள், வாடிக்கையாளர்கள் ஆகியோரின் விவரம் அடங்கிய ஆவணங்களைத் தொடாதீர்கள். அது உங்கள் மீதே திரும்பும்.

உறையை ஏன் கேட்கிறேன் என்பது மூன்றாம் பகுதியில் புரியும்.

2. உங்கள் கோரிக்கை எந்த வகை என்று பிரியுங்கள்

ஒரே வேலையிலிருந்து மூன்று நான்கு கோரிக்கைகள் கிளம்பலாம். ஒவ்வொன்றுக்கும் கடிகாரம் தனி. "என் வழக்குக்கு எவ்வளவு நாள்?" என்று கேட்டால் விடை கிடைக்காது. "இந்தக் கோரிக்கைக்கு எவ்வளவு நாள்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

நியாயமற்ற பணிநீக்கம், பாகுபாடு, சம்பளப் பிடித்தம், விடுமுறைச் சம்பளம், பணி முடிந்தபோது நின்றுபோன நோட்டீஸ் சம்பளம்: இவற்றுக்கு மூன்று மாதம். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கும் சம ஊதியக் கோரிக்கைக்கும் ஆறு மாதம்.

அரிதாக ஒன்று உண்டு. முறைகேட்டை வெளியே சொன்னதற்காகவோ தொழிற்சங்க வேலைக்காகவோ நீக்கப்பட்டவர், வழக்கு முடியும்வரை சம்பளம் தொடர வேண்டும் என்று இடைக்கால நிவாரணம் கேட்கலாம். அதற்கு, பணி முடிந்த நாளுக்குப் பின் ஏழே நாள். இந்த வகையில் உங்கள் நிலை வருமானால் இதைப் படிப்பதை இப்போதே நிறுத்திவிட்டுத் தொழிற்சங்கத்தையோ வழக்கறிஞரையோ அழையுங்கள்.

ஆறு மாதம் பற்றி ஒரு குழப்பம் உலவுகிறது. 2025 டிசம்பரில் நிறைவேறிய வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம், மூன்று மாதக் கெடுக்களை ஆறு மாதமாக நீட்ட வழிசெய்திருக்கிறது. ஆனால் சட்டம் நிறைவேறிய நாள் வேறு, அந்தப் பிரிவு நடைமுறைக்கு வரும் நாள் வேறு. 2026 அக்டோபருக்கு முன் வராது என்றுதான் அரசு அறிவித்திருந்தது. உங்கள் தேதிக்குப் புதிய கெடு பொருந்தும் என்று ஏகாஸோ வழக்கறிஞரோ உறுதியாகச் சொல்லும்வரை மூன்று மாதமாகவே எண்ணுங்கள். குறைத்து எண்ணி முன்னதாகப் பதிவுசெய்தவர் யாரும் இழந்ததில்லை.

3. கடிகாரம் எந்த நாளில் ஓடத் தொடங்குகிறது

அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

பணிநீக்கத்தில், வேலை உண்மையில் முடிந்த நாளே முதல் நாள். நோட்டீஸ் கொடுத்து, அந்த நோட்டீஸ் காலம் முழுவதும் நீங்கள் பணியாளராகவே இருந்தால், நோட்டீஸ் முடியும் நாள். வீட்டிலேயே இருங்கள், சம்பளம் வரும் என்று சொல்லியிருந்தாலும் அப்படித்தான். ஆனால் "இன்றோடு வேலை முடிந்தது, ஒரு மாத நோட்டீஸுக்குப் பதில் பணம் தருகிறோம்" என்றால் இன்றுதான் முதல் நாள். பணம் ஏறிய நாளை எண்ணி ஒரு மாதத்தைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. ஆகவே நீக்கக் கடிதத்தில் "உடனடியாக" என்ற சொல் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள்.

பி45இல் அச்சாகியிருக்கும் தேதியை நம்ப வேண்டாம். அது சம்பளக் கணக்குப் பிரிவு தன் வசதிக்குப் போடுவது. நீங்களும் முதலாளியும் பேசி வேறொரு தேதியை வைத்துக்கொள்வதாலும் சட்டப்படியான தேதி மாறாது.

நோட்டீஸ் இல்லாமல் கடிதம் மூலம் நீக்கினால்? கடிதத்தின் மேலிருக்கும் தேதி கணக்கில்லை. நீங்கள் அதைப் படித்த நாள், அல்லது படிக்க உங்களுக்கு நியாயமான வாய்ப்புக் கிடைத்த நாள். 2010இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று இதைத் தெளிவாக்கியது. நீக்கக் கடிதம் 2006 நவம்பர் 30 அன்று வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தப் பெண்ணோ குழந்தை பெற்ற சகோதரியைப் பார்க்க லண்டன் போயிருந்தார். திரும்பி வந்து டிசம்பர் 4 அன்றுதான் பிரித்துப் படித்தார். 2007 மார்ச் 2 அன்று வழக்குப் பதிவுசெய்தார். நவம்பர் 30இலிருந்து எண்ணினால் கெடு கடந்துவிட்டது, டிசம்பர் 4இலிருந்து எண்ணினால் ஒரு நாள் மிச்சம். நீதிமன்றம் டிசம்பர் 4ஐயே ஏற்றது.

உறையைக் கேட்டதற்குக் காரணம் இது. அஞ்சல் முத்திரை, கையெழுத்துப் பெற்றுக் கொடுத்த சீட்டு, நீங்கள் ஊரில் இல்லை என்பதற்கான பயணச் சீட்டு எல்லாமே ஒருநாள் சான்றாகலாம். ஆனால் இதை வைத்துத் திட்டமிடாதீர்கள். கணக்குப் போடும்போது இருப்பதில் மிக முந்தைய தேதியை எடுங்கள். பிந்தைய தேதி, வாதாட வேண்டி வந்தால் கைகொடுக்கட்டும்.

தாங்க முடியாமல் நீங்களே ராஜினாமா செய்திருந்தால், உடனே விலகியவருக்கு விலகல் கடிதம் கொடுத்த நாள். நோட்டீஸ் கொடுத்து வேலை செய்தவருக்கு நோட்டீஸ் முடிந்த நாள்.

பாகுபாட்டில் ஒவ்வொரு செயலுக்கும் அது நடந்த நாள். பதவி உயர்வு மறுக்கப்பட்டது பிப்ரவரியில், இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசியது ஏப்ரலில் என்றால் இரண்டு கடிகாரங்கள். அவை தொடர்ச்சியான ஒரே நடத்தையின் கண்ணிகள் என்று காட்ட முடிந்தால், கடைசிக் கண்ணியிலிருந்து எண்ணலாம். அதே மேலாளர், அதே வகைப் பேச்சு, இடைவெளி குறைவு என்றால் காட்டுவது எளிது. வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு முடிவுகள், நடுவில் ஒன்றரை ஆண்டு என்றால் கடினம். ஒருமுறை எடுத்த முடிவின் வலி இன்றுவரை தொடர்கிறது என்பது தொடர்ச்சியான நடத்தை ஆகாது. இதைக் கேட்டு மனம் வெறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் சட்டம் அப்படித்தான் பார்க்கிறது.

சம்பளத்தில், பணம் வந்திருக்க வேண்டிய சம்பள நாள். ஒவ்வொரு மாதமும் ஒரே காரணத்துக்காகப் பிடித்திருந்தால் அது ஒரு தொடர். கடைசிப் பிடித்தத்திலிருந்து எண்ணலாம். இடையில் மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலே தொடர் அறுந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. எவ்வளவு நீண்ட தொடராக இருந்தாலும், பொதுவாக வழக்குப் பதிவுசெய்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்கு அப்பால் பின்னே போக முடியாது.

"அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன், தம்பி" என்று கடை முதலாளி சொல்வதை நம்பிக் காத்திருப்பது நம்மவர் கடைகளில் அடிக்கடி நடக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய வாக்குறுதி கடிகாரத்தை நிறுத்தாது.

4. கடைசி நாளை எழுதுங்கள்

மூன்று மாதம் என்பது முதல் நாளையும் சேர்த்தது. ஆகவே "மூன்று மாதம், ஒரு நாள் குறைவு" என்று மனத்தில் வையுங்கள். முதல் நாளுக்கு முந்தைய நாளை எடுத்து, மூன்று மாதம் முன்னே தள்ளுங்கள்.

வேலை முடிந்தது மார்ச் 14. முந்தைய நாள் 13. கடைசி நாள் ஜூன் 13. ஜூன் 14 அன்று கொண்டுவந்தால் ஒரு நாள் தாமதம், அவ்வளவுதான். அந்த ஒரு நாளுக்கும் வழக்கு போய்விடும்.

அப்படியொரு தேதி அந்த மாதத்தில் இல்லையென்றால் மாதத்தின் கடைசி நாள். நவம்பர் 30 அன்று நீக்கப்பட்டவருக்கு 29 வர வேண்டும். சாதாரண ஆண்டின் பிப்ரவரியில் 29 இல்லாததால் 28. கடைசி நாள் ஞாயிறோ வங்கி விடுமுறையோ ஆனாலும் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகாது.

வாரங்களாகவோ 90 நாளாகவோ எண்ணாதீர்கள். மாதங்களின் நீளம் மாறுவதால் அந்தக் கணக்கு ஓரிரு நாள் பிசகலாம். எழுதிய தேதியைக் கோப்பின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, இன்னொருவரை விட்டுச் சரிபாருங்கள்.

5. கடிகாரத்தை நிறுத்தாதவை

அந்த அக்கா விழுந்த குழி இதுதான். நிறுவனத்துக்குள் மேல்முறையீடு செய்தால், முடிவு வரும்வரை வெளியே போகக் கூடாது என்று அவர் நினைத்தார். உள்ளே கேட்டுப் பார்க்காமல் நீதிமன்றம் போவது மரியாதை இல்லை என்ற எண்ணமும் நமக்குள் ஊறியது. உள்ளே கேளுங்கள், கேட்க வேண்டும். ஆனால் மேல்முறையீடு நிலுவையில் இருப்பது மட்டுமே தாமதத்துக்குக் காரணம் ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1984லேயே தீர்த்துவிட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும்.

கிரீவன்ஸ் என்று கொடுக்கும் உள்புகாருக்கும் இதே விதி. முதலாளியின் வழக்கறிஞரோடு நடக்கும் பேச்சுவார்த்தையும், "விரைவில் நல்ல முடிவு சொல்கிறோம்" என்ற மனிதவளத் துறையின் மின்னஞ்சலும் கடிகாரத்தைத் தொடா. மருத்துவ விடுப்பு, காவல்துறை விசாரணை, வீட்டுக் காப்பீட்டில் சட்டச் செலவுக்கு இடமுண்டா என்று கேட்டுக் காத்திருப்பது, வழக்கறிஞர் கிடைக்காமல் அலைவது என்று எதற்காகவும் அது நிற்பதில்லை. கெடுவை நீட்டிக்கொள்ளலாம் என்று முதலாளி எழுத்தில் ஒப்புக்கொண்டால்கூடப் பயனில்லை. முதலாளி எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டாலும் நீதிபதி தானாகவே கெடுவை எழுப்ப முடியும்.

ஊருக்குத் திரும்பிவிடுவதும் அப்படித்தான். விசா ஆதரவு போனதால் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பியவருக்கும் அதே நாள்தான் கடைசி. அங்கிருந்தே இணையத்தில் பதிவுசெய்யலாம். பிரிட்டனின் நள்ளிரவே எல்லை. கோடையில் அது நம்மூரில் விடியற்காலை 4:30, குளிர்காலத்தில் 5:30.

6. ஏகாஸுக்கு இன்றே தெரிவியுங்கள்

ஏகாஸ் என்பது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே சமரசம் பேசும் அரசு சார்ந்த அமைப்பு. பெரும்பாலான கோரிக்கைகளுக்கு, அதற்குத் தெரிவித்து ஒரு சான்றிதழ் எண் பெறாமல் தீர்ப்பாயத்தில் பதிவுசெய்யவே முடியாது. இடைக்கால நிவாரணம் போன்ற சில விலக்குகள் உண்டு.

தெரிவிப்பதால் வழக்கே போட்டுவிட்டதாக ஆகாது. கட்டணம் கிடையாது. படிவம் சிறியது, உங்கள் பெயர், முகவரி, முதலாளியின் பெயர், முகவரி, வேலைத் தேதிகள் போன்றவையே முக்கியம். இணையத்தில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் 0300 123 1100 என்ற உதவி எண்ணை அழைத்து, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

படிவத்தில் அதிகம் தவறுவது முதலாளியின் பெயர். கடைப் பலகையில் இருப்பது ஒரு பெயர், சம்பளச் சீட்டில் வேறு, ஒப்பந்தத்தில் மூன்றாவது. சட்டப்படி உங்கள் முதலாளி பெரும்பாலும் ஒரு லிமிடெட் கம்பெனி. சம்பளச் சீட்டையும் ஒப்பந்தத்தையும் பார்த்து, கம்பெனிகள் பதிவகத்தின் இணையதளத்தில் அதே எழுத்துகளைத் தேடிச் சரிபாருங்கள். ஏஜென்சி மூலம் வேலை செய்தவர், யார் முதலாளி என்பதில் ஐயம் இருந்தால் ஏஜென்சிக்கும் வேலை வாங்கிய இடத்துக்கும் தனித்தனியாகத் தெரிவிக்கட்டும். பாகுபாட்டில் மேலாளரையும் தனிநபராகச் சேர்க்க விரும்பினால் அவருக்கும் தனி எண் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யுங்கள். இல்லையென்றால் ஒவ்வொருவருக்கும் கெடு வேறுபட்டு, கணக்கே சிக்கலாகிவிடும்.

கெடு முடிவதற்குள் ஏகாஸுக்குத் தெரிவித்தால்தான் கடிகாரம் நிற்கும். மேலே சொன்ன கணக்கில் ஜூன் 13க்குள் தெரிவிக்க வேண்டும். 14ஆம் தேதி தெரிவித்தாலும் சான்றிதழ் வரும், ஆனால் ஒரு நாள்கூட நீளாது. சான்றிதழ் கையில் இருப்பதால் கெடுவுக்குள் இருக்கிறோம் என்று நம்பி வருகிறவர்களிடம் இதைச் சொல்வது எனக்கு இன்றும் கடினமாக இருக்கிறது.

ஒரே பிரச்சினைக்கு இரண்டாம் முறை தெரிவித்து இரண்டாவது சான்றிதழ் வாங்கினாலும் காலம் கூடாது. முதலாவதுதான் கணக்கு.

சமரசப் பேச்சுக்கான காலம் 2025 டிசம்பர் 1 முதல் 12 வாரம். அதற்கு முன் 6 வாரமாக இருந்தது. பேச விருப்பமில்லையென்றால் உடனே சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முதலாளி சம்பளப் பாக்கியைத் தரக்கூடியவர் என்று தோன்றினால் பேசிப் பாருங்கள். என் அனுபவத்தில் சிறு தொகைகள் இங்கேயே தீர்ந்திருக்கின்றன.

7. சான்றிதழ் வந்ததும் கணக்கை மீண்டும் போடுங்கள்

சான்றிதழில் இரண்டு தேதிகள் இருக்கும். ஏகாஸுக்குத் தெரிவித்த நாளை "முதல் தேதி" என்றும், சான்றிதழ் உங்களுக்கு வந்த நாளை "இரண்டாம் தேதி" என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் தேதிக்கு மறுநாளிலிருந்து இரண்டாம் தேதிவரை உள்ள நாள்களை எண்ணுங்கள். அத்தனை நாளும் பழைய கடைசி நாளோடு கூடும். பிறகு இன்னொரு சோதனை: கூட்டி வந்த புதிய நாள், இரண்டாம் தேதியிலிருந்து ஒரு மாதம் முடிவதற்குள் விழுகிறதா? விழுந்தால், அந்த ஒரு மாதம் முடியும் நாளே உங்கள் கெடு. விழாவிட்டால் கூட்டி வந்த நாளே கெடு.

மார்ச் 14 அன்று நீக்கப்பட்டவரையே எடுப்போம். பழைய கெடு ஜூன் 13.

அவர் ஏப்ரல் 20 அன்று தெரிவித்து, மே 18 அன்று சான்றிதழ் பெற்றார் என்று வையுங்கள். ஏப்ரல் 21 முதல் 30 வரை 10 நாள், மே 1 முதல் 18 வரை 18 நாள், மொத்தம் 28. ஜூன் 13உடன் 28 கூட்டினால் ஜூலை 11. இரண்டாம் தேதியிலிருந்து ஒரு மாதம் ஜூன் 18இல் முடிகிறது. ஜூலை 11 அதைத் தாண்டியது. கெடு ஜூலை 11.

அவரே ஜூன் 10வரை தள்ளிப்போட்டு, ஜூலை 8 அன்று சான்றிதழ் பெற்றிருந்தால்? ஜூன் 11 முதல் ஜூலை 8 வரை அதே 28 நாள். கூட்டினால் மறுபடியும் ஜூலை 11. ஆனால் ஜூலை 8இலிருந்து ஒரு மாதம் ஆகஸ்ட் 8இல் முடிகிறது. ஜூலை 11 அதற்குள் விழுவதால் கெடு ஆகஸ்ட் 8.

புதியவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். "சான்றிதழ் வந்தபின் எப்போதும் ஒரு மாதம்" என்று எண்ணி முதல் கணக்கில் மூன்று வாரத்தை வீணாக இழந்து பதறுகிறவர்கள் ஒரு வகை. அவர்களுக்குப் பதற்றம் மட்டுமே. மற்ற வகையினர் "சான்றிதழிலிருந்து புதிதாக மூன்று மாதம்" என்று எண்ணுகிறார்கள். அவர்கள் வழக்கையே இழக்கிறார்கள்.

வேலையில் இருக்கும்போதே ஏகாஸுக்குத் தெரிவித்து, சான்றிதழும் வாங்கி, பிறகு நீக்கப்பட்டவர்கள் கவனிக்க வேண்டும். கடிகாரம் ஓடத் தொடங்கும் முன் கழிந்த நாள்களைப் பின்னால் கூட்ட முடியாது.

8. இ.டி.1 படிவத்தைக் கடைசி நாளுக்கு விடாதீர்கள்

வழக்கைத் தொடங்கும் படிவத்தின் பெயர் இ.டி.1. இதற்கும் கட்டணம் இல்லை. 2013இல் விதித்த கட்டணத்தை 2017இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பணம் கட்டி வரிசை பிடித்துத் தருவதாகச் சொல்லும் தரகர்களிடம் போகாதீர்கள்.

இணையத்திலேயே அனுப்புங்கள். அஞ்சலில் அனுப்பினால், அது போய்ச் சேரும் நாளே கணக்கு. போட்ட நாள் அல்ல. அனுப்பிய பின் வரும் உறுதிப் பக்கத்தைச் சேமித்து, அதில் உள்ள தேதியையும் நேரத்தையும் பாருங்கள்.

ஒரு வாரமாவது முன்னதாக அனுப்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சான்றிதழ் எண் விட்டுப்போனாலோ, பெயரில் பெரிய வேறுபாடு இருந்தாலோ படிவம் திரும்பிவரலாம். மறுபரிசீலனை கேட்க 14 நாள் தருவார்கள். ஆனால் பிழையைத் திருத்திக் கொடுத்தால், திருத்திய நாளில்தான் வழக்குப் பதிவானதாகக் கொள்வார்கள். கடைசி நாளில் அனுப்பியவருக்கு அந்த நாள் ஏற்கெனவே கெடுவைத் தாண்டியிருக்கும்.

சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, அதில் உள்ள பெயரையும் எண்ணையும் எழுத்துக்கு எழுத்து பார்த்து நிரப்புங்கள். பொருந்தும் எல்லாக் கோரிக்கைகளையும் குறியுங்கள். பணிநீக்கம் மட்டும் குறித்துவிட்டு, விடுமுறைச் சம்பளத்தையும் பாகுபாட்டையும் பிறகு சேர்க்கலாம் என்று விட்டால், சேர்க்கக் கேட்கும்போது அவற்றின் கெடு முடிந்த செய்தி எதிரே வந்து நிற்கும்.

விவரம் எழுதும் இடத்தில், முதல் பகுதியில் தயாரித்த தேதித் தாளை வரிசை எண்ணிட்டு எழுதினாலே போதும். சான்றுகள் இப்போது வேண்டாம், அவற்றுக்குப் பிறகு நாள் தருவார்கள். அழகான ஆங்கிலத்துக்காக யாரையும் தேடி இரண்டு வாரம் செலவழிக்காதீர்கள். எளிய வாக்கியத்தில் கெடுவுக்குள் வந்த படிவத்தை நீதிபதி படிப்பார்.

9. நாள் கடந்துவிட்டதென்றால்

முதல் வேலை, இன்னும் ஒரு நாளும் கடத்தாமல் இருப்பது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கும்போது, தவறு தெரிந்தபின் எவ்வளவு வேகமாகச் செயல்பட்டீர்கள் என்று நிச்சயம் பார்ப்பார்கள். அதே நாள் ஏகாஸ், சான்றிதழை உடனே கேட்டு வாங்குவது, அது வந்த நாளே இ.டி.1.

பிறகு, எந்தக் கோரிக்கைக்கு எந்தச் சோதனை என்று பிரியுங்கள். இரண்டும் வேறு வேறு.

பணிநீக்கத்துக்கும் சம்பளத்துக்கும் சோதனை கடுமையானது. உரிய காலத்தில் பதிவுசெய்வது நியாயமாகச் சாத்தியமாக இருக்கவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். அதைக் காட்டியபின், அதற்கு மேல் எடுத்துக்கொண்ட காலமும் நியாயமானது என்று காட்ட வேண்டும். மருத்துவமனையில் படுத்திருந்தது, படிவமே நிரப்ப முடியாத அளவு மனநிலை பாதிக்கப்பட்டது போன்றவை ஏற்கப்படலாம். அதற்கு அந்தத் தேதிகளைச் சொல்லும் மருத்துவரின் கடிதம் வேண்டும். "மன உளைச்சல்" என்று பொதுவாக எழுதிய கடிதம் உதவாது. அதே வாரங்களில் வேறு வேலைக்கு விண்ணப்பித்திருந்தால் எதிர்த்தரப்பு அதைக் காட்டும். சட்டம் தெரியாது என்பது, தெரியாமல் இருந்தது நியாயம்தானா என்ற கேள்வியில் போய் முடியும். கையில் கைபேசியும் இணையமும் இருந்தவருக்கு அது கடினம். வழக்கறிஞர் தவறான தேதி சொல்லியிருந்தால், அந்தத் தவறு பொதுவாக உங்கள் கணக்கிலேயே சேரும். அப்போது அந்த வழக்கறிஞரிடம் இழப்பீடு கேட்பதுதான் வழி.

பாகுபாட்டுக்குச் சோதனை தளர்வானது. காலத்தை நீட்டுவது நீதியும் நியாயமும் ஆகுமா என்று நீதிபதி பார்ப்பார். தாமதம் எவ்வளவு, ஏன், அதனால் சாட்சிகளின் நினைவு மங்கி எதிர்த்தரப்புக்குப் பாதிப்பா என்பவை எடைபோடப்படும். உள்புகாரின் முடிவுக்குக் காத்திருந்ததும் இங்கே ஒரு காரணமாகப் பார்க்கப்படலாம். ஆனாலும் நீட்டிப்பு தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல. கேட்பவர்தான் நீதிபதியை ஏற்கவைக்க வேண்டும்.

தாமதத்துக்கான விளக்கத்தை இ.டி.1இன் கூடுதல் தகவல் பகுதியிலேயே எழுதிவிடுங்கள். வாரவாரியாக எழுதுங்கள்: இந்த வாரம் மருத்துவமனை, அடுத்த வாரம் இன்னாரிடம் ஆலோசனை கேட்டேன், அவர் இப்படிச் சொன்னார், உண்மை தெரிந்தது இந்த நாள், பதிவுசெய்தது இந்த நாள். விளக்கமில்லாத வாரம் ஒன்று இருந்தால் கேள்வி அங்கேதான் வரும். இல்லாத காரணத்தைச் சேர்க்காதீர்கள். குறுக்கு விசாரணையில் ஒரு பொய் வெளிப்பட்டால் மற்ற உண்மைகளையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும்.

தீர்ப்பாயத்தின் கதவு மூடினாலும், பணம் தொடர்பான சில கோரிக்கைகளுக்கு வேறு வழி உண்டு. ஒப்பந்தப்படி வர வேண்டிய நோட்டீஸ் சம்பளம், நின்றுபோன சம்பளம் ஆகியவற்றை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுன்டி நீதிமன்றத்தில் ஆறு ஆண்டுவரை கேட்கலாம். ஸ்காட்லாந்தில் ஐந்து ஆண்டு. இந்த நீதிமன்றங்களில் கட்டணம் உண்டு. நியாயமற்ற பணிநீக்கத்தையும் வேலையிடப் பாகுபாட்டையும் அங்கே கொண்டுபோக முடியாது.

அந்த அக்காவின் கோப்பை மறுபடி முதலிலிருந்து புரட்டினோம். பணிநீக்கத்தின் கெடு போய்விட்டது. மேல்முறையீட்டை நிராகரித்த கூட்டத்தில் அவருடைய உச்சரிப்பைக் கேலிசெய்து பேசியதை அவர் அன்றே குறித்து வைத்திருந்தார். அந்த நிராகரிப்புப் பாகுபாடு என்றால் அதற்குக் கடிகாரம் தனி. அது தொடங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. நோட்டீஸ் சம்பளத்துக்குக் கவுன்டி நீதிமன்றம் இருந்தது. அன்று மதியமே ஏகாஸ் படிவத்தை நிரப்பினோம். மாலையில் ஒப்புதல் மின்னஞ்சல் வந்தது. அவர் அதை அச்செடுத்து, முதல் மஞ்சள் சீட்டில் தேதியைச் சிவப்பு மையில் எழுதி, கோப்பின் மேலே ஒட்டினார்.